ஹலோ டெஸ்டிங் சாரும் என் கெமிஸ்ட்ரி வகுப்பும்

மைக், ஸ்பீக்கர், செல்போன், ஸ்மார்ட் போர்டு இவற்றையெல்லாம் உலக நன்மைக்காகக் கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கலாம். நானும் நம்பினேன். ஆலங்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குக் கெமிஸ்ட்ரி டீச்சராகப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. அத்தனையும் பக்கத்து வகுப்பு இங்கிலீஷ் வாத்தியார் கையில் சேர்ந்து என் பிரஷரை ஏற்றுவதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டவை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, டீக்கடை எங்கு கேட்டாலும் ‘ஹலோ டெஸ்டிங்’தான். மற்ற வாத்தியார்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் ‘குட் மார்னிங்’ சொல்வார்கள். இவர் கழுத்தில் தொங்கும் சின்ன ஸ்பீக்கரை உள்ளங்கையால் தட்டி, “ஹலோ... ஹலோ... டெஸ்டிங்” என்பார். பிள்ளைகள் எழுந்து நின்று, “ஹலோ டெஸ்டிங் சார்!” என்று கோரஸாகச் சொல்லும். கேலியெல்லாம் இல்லை. இங்கிலீஷில் காலை வணக்கமே அதுதான் என்று ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர். அது கூரை வரை போகாமல், யாரோ கூப்பிட்ட மாதிரி பாதியிலேயே நின்றுவிட்ட சுவர். அங்கிட்டு அவர் தும்மினால் இங்கிட்டு நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் உச்சரிப்பை வாத்தியார் திருத்தக் கூடாது, போன்தான் திருத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. “நாம திருத்துனா புள்ளைக்குக் கூச்சம் வரும் டீச்சர். போன் சிரிக்காதுல்ல?” என்பார். பேசுவதைக் கேட்டுத் தானே எழுதிக்காட்டும் வசதி போனில் இருக்கிறதல்லவா, அதில் ஒவ்வொரு பிள்ளையும் பேச வேண்டும். போன் சரியாக எழுதினால் பாஸ்.

ஒரு நாள் நான் கரைசல்கள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பையன், “மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்” என்றான். என் அப்பா ஒரு விவசாயி. நல்ல வாக்கியம். ஆனால் போன் ஓர் எழுத்தை மாற்றிக் கேட்டுக்கொண்டு, ‘முன்னாள்’ என்று அர்த்தம் வரும் இன்னொரு ஃபார்மரை எழுதிவிட்டது.

“என்னடா, ஒங்க அப்பாவ முன்னாள்ங்குது?” என்றார் ஹலோ டெஸ்டிங்.

பையன் அழ ஆரம்பித்துவிட்டான். “எங்கப்பா இருக்காருங்க சார்! காலையிலதான் கடலைக்குத் தண்ணி பாய்ச்சப் போனாரு!”

“அழுவாதடா. வாயை நல்லாத் தொற. ஃபாஆஆஆ...”

வகுப்பு முழுக்க வாயைத் திறந்தது. அந்தப் பீரியட் முடியும்வரை ‘ஃபாஆஆஆர்மர்’தான். என் வகுப்பில் ஒருத்தியை எழுப்பி, “கரைசல்னா என்ன?” என்றேன். “ஃபாஆஆர்மர் டீச்சர்” என்றாள்.

பொறுக்கமாட்டாமல் வெளியே வந்து அவர் வாசலில் நின்றேன். “சார், கொஞ்சம் மெதுவா சொல்லச் சொல்லுங்களேன்.”

“மெதுவாச் சொன்னா போனுக்குக் கேக்கமாட்டேங்குது டீச்சர்.”

“எனக்குக் கேக்குது சார்!”

“அப்ப உங்க காது நல்லாயிருக்கு. சந்தோஷம்” என்று உள்ளே போய்விட்டார்.

இதுகூடப் பரவாயில்லை. காலைப் பிரேயரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பு மானத்தை வாங்கியிருந்தது. தலைமையாசிரியை அம்மா மைக்கைப் பிடித்தார் என்றால் காக்கா கூட மரத்தில் உட்காராது. “இந்த மார்க்கை எடுத்துட்டு வீட்டுக்குப் போக ஒங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?” என்று கேட்டு, பதிலுக்காக ஒரு கணம் நிறுத்தினார்.

“எக்ஸலண்ட்! யூ ஆர் டூயிங் கிரேட்!” என்றது பள்ளிக்கூட ஸ்பீக்கர், வெள்ளைக்காரிக் குரலில்.

ஹலோ டெஸ்டிங் போனில் வைத்திருந்த இங்கிலீஷ் பயிற்சி ஆப், யாரைக் கேட்டதோ தெரியவில்லை, தானாகவே போய் ஸ்கூல் ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கை தட்டின. தலைமையாசிரியை அம்மா அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அவரோ போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “கிளாரிட்டி நல்லாயிருக்குல்ல டீச்சர்?” என்று என்னிடம் கேட்டார்.

அப்புறம் ஒரு கெட்ட நேரத்தில், அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் என் கெமிஸ்ட்ரி லேப்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். பியூரெட்டுக்கும் பிப்பெட்டுக்கும் நடுவே ஜன்னலோரம் நின்று, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி எதையாவது இறக்கிக்கொண்டிருப்பார். “அமிலம் இருக்கு சார், பாத்து” என்றால், “போனை மேலேதானே பிடிச்சிருக்கேன்” என்பார். போனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதுதான் என் கவலை என்று நினைத்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

அப்படி அவர் ஜன்னலோரம் நின்றிருந்த ஒரு நாள்தான், பதினொன்றாம் வகுப்பு கனகாவின் அம்மா லேப்புக்குள் ஓடிவந்தார். முந்திரி உடைக்கும் இடத்திலிருந்து அப்படியே வந்திருந்தார், விரலெல்லாம் கறுத்திருந்தது. கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கனகாவின் அப்பா குவைத்தில் கட்டட வேலை பார்க்கிறவர். சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று கூட வேலை செய்பவர் காலையில் சொன்னாராம். அப்படிச் சொன்னவரை ஆஸ்பத்திரிக்குள் விடவில்லையாம். இப்போது அங்கிருந்து ஒரு நர்ஸ் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாள், எல்லாம் இங்கிலீஷில்.

“ஒரு வார்த்தை புரியல சார். இருக்காரா இல்லையான்னுகூடத் தெரியல” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹலோ டெஸ்டிங் போனை வாங்கினார். எந்த நாட்டு நர்ஸோ, படபடவென்று பேசினாள். இரைச்சல் வேறு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர் ரொம்ப நிதானமாக இங்கிலீஷில், “சிஸ்டர், தயவுசெய்து இதையே வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

“கட் பண்ணிட்டீங்களா!” என்று கத்தினேன்.

“பேச்சு ஓடிப்போயிரும் டீச்சர். மெசேஜ்னா நம்ம கையில நிக்கும்.”

மெசேஜ் வந்தது. அதற்குள் கனகாவை வகுப்பிலிருந்து வரவழைத்திருந்தார். உயிரோடு இருக்கிறார், தொடை எலும்பு முறிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆள் இன்னும் தெளியவில்லை. இவ்வளவும் புரிந்தது. கடைசியில் நர்ஸ் ஏதோ கேள்வி கேட்டிருந்தாள். அது மட்டும் விளங்கவில்லை. எழுதிக்காட்டும் வசதியில் அதைப் போட்டார். ‘எனி எனர்ஜி?’ என்று எழுதியது.

“மயங்கிக் கெடக்குற ஆளுக்கு எனர்ஜி இருக்கான்னா கேப்பாங்க? தூக்கிப் போடுங்க சார் அந்தச் சனியன!” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குரலை இன்னொரு ஆப்பில் ஏற்றி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கனகா காதருகே வைத்தார். நர்ஸின் குரல் தூக்கத்தில் பேசுவதுபோல் இழுத்து இழுத்து வந்தது. திரும்ப ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார். கனகா சட்டென்று நிமிர்ந்தாள்.

“அலர்ஜி சார்! எதாச்சும் மருந்து ஒத்துக்காதான்னு கேக்குறாங்க!”

தரையில் இருந்த அம்மா எழுந்துவிட்டார். “ஆமாத்தா! புதுக்கோட்டையில ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சே நின்னுபோச்சுல்ல! அதச் சொல்லு, அதச் சொல்லு!”

நானாக இருந்தால் அந்த நொடியே போனைப் பிடுங்கிச் சொல்லியிருப்பேன். இந்த மனுஷன் என்ன செய்தார்? போனில் ஏதோ தட்டிக்கொண்டே ஒரு சுற்று நடந்தார். பிறகு அதைக் கனகாவிடம் நீட்டினார். “நீ சொல்லு.”

கனகா போனை வாய்க்கருகே பிடித்தாள். “மை ஃபாதர்... பென்சிலின்... நோ...” அவர் அந்தப் பதிவை அழித்தார். திரும்பச் சொல்லச் சொன்னார்.

“ஐயோ, நீங்களே சொல்லித் தொலைங்க சார்! உயிர் போற நேரத்துல பாடம் நடத்துறீங்களே!” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கனகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து, தெளிவாகச் சொன்னாள். என் அப்பாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, தயவுசெய்து போட வேண்டாம், நான் அவருடைய மகள். அனுப்பினார். “தேங்க் யூ, டியர்” என்று பதில் வந்தது. டியர் என்பது கனகாவுக்கு உடனே புரிந்தது.

தாயும் மகளும் போன பிறகு நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“நர்ஸுக்கு நான் முன்னாடியே டைப் பண்ணி அனுப்பிட்டேன் டீச்சர். ‘பாத்தாச்சு’ன்னு பதிலும் வந்துருச்சு. அதுக்கப்புறந்தான் போனை அவகிட்டக் குடுத்தேன்.”

“அப்புறம் எதுக்கு அந்தப் புள்ளைய அழவச்சீங்க?”

“நாளைக்கும் நர்ஸ் கூப்பிடுவாங்க. ராத்திரி கூப்பிட்டா நானா அவ வீட்ல இருப்பேன்? அவ சொன்னதாலதான் அவங்கப்பா பொழச்சாருன்னு அவ நெனைக்கட்டும். நீங்க சொல்லிராதீங்க.”

மனிதர் மேல் கோபப்படவும் முடியாமல், கோபத்தை விடவும் முடியாமல் ஒரு குடுவையைக் கழுவ ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே கழுவிய குடுவை.

கனகாவின் அப்பா பிழைத்தார். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அந்த நர்ஸோடு கனகாதான் பேசினாள். என் லேப் ஜன்னலில்தான், என் பீரியடில்தான். கோலூன்றிக்கொண்டு ஊர் திரும்பியவர், எனக்குப் பேரீச்சம்பழமும் இவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் மைக் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். போதாக்குறைக்கு அது வேறு! அதைக் கழற்ற மறந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, தலைமையாசிரியை அம்மாவின் உப்புமாவைப் பற்றி இவர் சொன்ன கருத்தை, வகுப்பில் விட்டுவந்த ஸ்பீக்கரில் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் கேட்டது.

போன வருஷம் கலந்தாய்வில் கோட்டைப்பட்டினம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன், அப்பாடா என்று.

சென்ற சனிக்கிழமை வீட்டில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன். எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“டீச்சர், இங்க ஸ்பெஷல் கிளாஸ். கடல் காத்து மைக்குல உஸ்ஸு உஸ்ஸுன்னு ஏறுது. என்ன பண்ணலாம்?”

“நான் கெமிஸ்ட்ரி சார். எனக்கு எப்படித் தெரியும்?”

“காத்தும் கெமிஸ்ட்ரிதானே?” என்றவர், பஞ்சு சுற்றியது, சாக்ஸ் மாட்டியது, குடையைக் குறுக்கே பிடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அடுப்படியிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். “யாரு, அந்த ஹலோ டெஸ்டிங்கா? வச்சிட்டு வா, கொழம்பு தீயுது!”

“தீஞ்சா தீயட்டுங்க” என்றேன். “சார் இன்னும் பேசி முடிக்கல.”