ஆந்தை நீதிபதியும் அவர் கண்ட மகான்களும்

ஒரு காட்டில் பொந்தையா என்று ஓர் ஆந்தை நீதிபதியாக இருந்தார். ஆந்தை என்பதால் கோர்ட்டு ராத்திரியில்தான் நடக்கும். வயதாகி அவருக்குக் கண்புரை முற்றியது. ஒருநாள் அடிமரம் ஒன்றை வக்கீல் என்று நினைத்து, "வாதத்தைச் சுருக்கமா முடிங்க" என்று விடியும்வரை கெஞ்சினார். பதவி போய்விடுமோ என்று பயந்து, மறுநாள் பகலிலேயே கொக்கு டாக்டரிடம் போனார்.

"சாதா லென்ஸ் வெச்சா தூரம் தெரியும். படிக்கக் கண்ணாடி போடணும்" என்றது கொக்கு.

"கண்ணாடியை எதுல மாட்டுறது டாக்டர்? எனக்குக் காது மடலே இல்லையே."

"அப்போ மல்டிஃபோகல் வெச்சிடலாம். தூரம், கிட்ட ரெண்டும் தெரியும். ராத்திரியில மட்டும் விளக்கைச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியும், போகப் போகப் பழகிடும். ராத்திரியில யாரு வெளியே போகப்போறா?"

கொக்கு பொழுது சாய்ந்ததும் ஒற்றைக்காலில் தூங்கிவிடுகிற ரகம். பொந்தையாவோ பகல் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. சட்டப் புத்தகத்தின் அடிக்குறிப்பும் தெரிந்தது, எதிர்க்குன்றில் போன எறும்பும் தெரிந்தது. பொந்தையாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடிமரத்திடம் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

முதல் வழக்கு கோழி செவ்வந்தியுடையது. அவள் அடைகாத்த முட்டைகளை நரி தின்றுவிட்டது என்று புகார். அந்த நரி, இருட்டில் வழி தேடிக்கொண்டு, செல்போன் டார்ச்சைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உள்ளே நுழைந்தது. அதன் தலையைச் சுற்றி ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொரு வட்டம். பொந்தையா பதறி எழுந்து இறக்கைகளைக் கூப்பினார்.

"சாமி, நீங்க எதுக்குக் கூண்டுல நிக்கணும்?"

நரி பின்னால் திரும்பிப் பார்த்தது. யாருமில்லை. உடனே புரிந்துகொண்டு, டார்ச்சை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, "எல்லாம் அவன் செயல்" என்றது.

"ஐயா, மீசையில மஞ்சக்கரு ஒட்டியிருக்கு பாருங்க" என்று அழுதாள் செவ்வந்தி.

பார்த்தார். கிட்டத்தில்தான் இப்போது பிரமாதமாகத் தெரிகிறதே. "மஞ்சள் பூசியிருக்கார்" என்று உருகி, வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

சேதி பரவியது. தேன் திருடிய கரடி பெட்ரோமாக்ஸோடு வந்தது. கரும்புத் தோட்டத்தை மேய்ந்த யானை, கல்யாண வீட்டு சீரியல் லைட்டை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு, ஜெனரேட்டரோடு வந்தது. அத்தனை பேரும் விடுதலை. இத்தனை மகான்கள் வாழும் காட்டில் வேலை பார்க்கக் கொடுத்துவைத்தோமே என்று பொந்தையா கண்ணீர் விட்டார். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தும் கூடவே வழிந்தது.

மிச்சமிருந்த ஒரே முட்டையைச் சிறகுக்குள் பொத்திக்கொண்டு செவ்வந்தி கொக்கிடம் ஓடினாள். கொக்கு அரைத் தூக்கத்தில், கையில் விளக்குகூட இல்லாமல், கோர்ட்டுக்கு வந்தது.

"ஐயா, அது ஒளிவட்டம் இல்ல. நான் வெச்ச லென்ஸ் பண்ற வேலை."

பொந்தையா மேலும் கீழும் பார்த்தார். கூண்டில் ஏறி நின்றவர்களில் வட்டமே இல்லாத ஒரு தலையை அன்றுதான் பார்க்கிறார்.

"முட்டையைத் தின்னது நீதானே?" என்றார்.

கொக்குக்கு ஆறு மாதம் சிறை. செவ்வந்தி அழுகையை நிறுத்தினாள். கடைசி முட்டையின் மேல் ஒரு சின்ன டார்ச்சைக் கட்டிவைத்தாள். பொந்தையா அதை விழுந்து கும்பிட்டு, இரண்டு சிறுத்தைகளைக் காவலுக்குப் போட்டார். மறுநாள் கோர்ட்டு வாசலில் அவள் டார்ச் கடை திறந்தாள். முதல் வியாபாரம், ஜாமீனில் அப்பீலுக்கு வந்த கொக்கு. இரண்டாக வாங்கிக்கொண்டது.

நீதி: யோக்கியனாக இருந்தால் மட்டும் போதாது, பேட்டரியும் இருக்க வேண்டும்.