பத்தரைக்கு முன் பிரித்த செயின்

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. நம்பாமலே பயப்படுவேன், அவ்வளவுதான். (அலமாரி நிறையப் பகுத்தறிவுப் புத்தகங்கள். அலமாரியின் ஆணியிலேயே தினசரிக் காலண்டர்.)

அப்போது நான் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். சென்னைத் துறைமுகத்தில் நின்றபோது, இன்ஜினின் டைமிங் செயினை மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக் கிணற்றுச் சங்கிலி அல்ல. மாடிவீட்டு உயர இன்ஜினில், மேலே இருந்து வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றவைப்பது. தேய்ந்து, நீண்டு, தொங்கிவிட்டது. பழையதைப் பிரிக்கும் முன், பிரிக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் அதைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் மொத்த இரும்பும் கீழே ஓடிவிடும். பாடம் அவ்வளவுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மயிலாப்பூர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனைவி சொன்னாள்: "பத்தரைக்கு ராகு காலம். எதைப் பிரிக்கறதானாலும் அதுக்குள்ள பிரிச்சுடுங்கோ."

"இன்ஜினுக்கு ஏதுடி ராகு காலம்?" என்று சிரித்துவிட்டுப் போனேன்.

ஃபிட்டர் தேவராஜ், ராயப்பேட்டைக்காரர், செயின் பெட்டிக்குள் கைவிட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இந்தாண்ட கட்டியாச்சு. அந்தாண்ட இன்னும் கட்டல. கொஞ்சம் பொறு."

"மணி பத்து இருபத்தஞ்சு, தேவராஜ்!"

"அதுக்கு இன்னா இப்போ? கப்பலுக்குத் தாலியா கட்டப் போறோம்?"

நியாயமான கேள்வி. ஒரு பக்கக் கட்டே தாங்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு, அவர் கையை எடுக்கும் முன்பே, செயின் கண்ணியைக் கோத்திருந்த பின்னைத் தட்டிக் கழற்றிவிட்டேன். செயின் தடதடவென்று கீழே ஓடியது. கூடவே தேவராஜின் கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று.

ஆஸ்பத்திரியில் அவர் கேட்ட முதல் கேள்வி, "மணி இன்னா சார்?"

"பதினொண்ணு."

"அப்ப இது ராகு காலமா?"

ஆமாம். விபத்து நல்ல நேரத்தில் நடந்தது. மிச்ச மூன்று விரல்களை டாக்டர் காப்பாற்றியது ராகு காலத்தில்.

விசாரணையில் உண்மையைச் சொன்னேன். எழுதிக்கொண்ட கம்பெனி அதிகாரி பேனாவை நிறுத்தி, "ராகு... என்னது?" என்றார். அதற்குப் பிறகு நான் கப்பல் ஏறவில்லை.

இன்றும் நாங்கள் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், வாசலில் என் மகள் கேட்பாள்: "அப்பா, ரெண்டு பக்கமும் கட்டியாச்சா?" எல்லோரும் சிரிப்பார்கள். தேவராஜ் வந்திருந்தால் அவர்தான் அதிகம் சிரிப்பார், கைதட்டிக்கொண்டே.

அந்தக் கைதட்டலில் மட்டும் சத்தம் கொஞ்சம் குறையும்.