செத்த நேரத்தை அளக்க ஒரு கடிகாரம்

பாக்கியராஜ் அந்த வாரம் ஒரு சபதம் எடுத்தார். மனைவி அமலராணி வாய்க்கு வாய் சொல்லும் "செத்த நேரம்" உண்மையில் எவ்வளவு நேரம் என்று அளந்து, மாமனார் வீட்டார் முன்னால் போட்டு உடைத்துவிடுவது.

காரணம் இருந்தது. கல்யாணமோ காதுகுத்தோ, அவர்கள் போய்ச் சேரும்போது கடைசிப் பந்தியின் இலையை எடுத்துக்கொண்டிருப்பார்கள். "செத்த இருங்க, இந்தா வாரேன்" என்பது அமலராணி. கெட்ட பெயர் மட்டும் அவருக்கு. "மச்சான் வந்துட்டாரா? அப்ப விசேசம் முடிஞ்சிருச்சு" என்பான் மைத்துனன் அந்தோணிராஜ். இந்த லட்சணத்தில், கொழுந்தியாள் தன் முதல் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்க அவரைக் கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, சாணார்பட்டிக் கோயிலில், பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். அந்த வீட்டில் அவரை மதித்து ஒரு காரியம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்து மாட்டி வைத்தார்.

கையில் கட்டிய வாட்ச் போதாதா என்று கேட்கக் கூடாது. அவர் நாகல் நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அக்சஸ் என்கிற மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பவர். ஊரெல்லாம் அந்த அக்சஸில் சரக்கு இருப்பும் சம்பளப் பட்டியலும் போட, இவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டாப்வாட்ச் போட்டார். திரையில் ஒரு ஃபார்ம், நேரம் காட்ட ஒரு கட்டம், ஸ்டார்ட், ஸ்டாப் என்று இரண்டு பட்டன். முதலில் கட்டம் பூச்சியத்திலேயே படுத்துக்கிடந்தது. டைமர் இன்டர்வலில் ஆயிரம் மில்லிவிநாடி என்று போட்ட பிறகு விநாடிக்கு விநாடி ஓடியது. சனிக்கிழமை சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நாளைக்கு நீ 'செத்த இருங்க'ன்னதும் ஸ்டார்ட்டு. செருப்பை மாட்டுனதும் ஸ்டாப்பு. தப்பிக்க முடியாது."

"நடுவுல 'அமலா, ஒரு காபி'ம்பீகளே?"

"அதுக்கென்ன?"

"அந்த நேரம் யாரு கணக்கு? அதைக் கழிக்க வேணாமா? நிப்பாட்டிட்டு, விட்ட எடத்துலருந்துல்ல ஓட்டணும்?"

பாக்கியராஜ் நிறுத்தி, மறுபடி அமுக்கினார். கடிகாரம் பூச்சியத்துக்கு ஓடிப்போனது.

"ப்ச். நியாயமா அளக்கும்னுல்ல நெனச்சேன்" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அது போதும். ஞாயிற்றுக்கிழமை குளித்த கையோடு, பனியனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஓடிய நேரத்தைத் தனியே எடுத்து வைத்து, அடுத்த ஓட்டத்தோடு கூட்டினால் ஆயிற்று. கூட்டினார். கடிகாரம் நேற்றிலிருந்து ஓடுவதாகச் சொன்னது.

"ஏங்க, நான் ரெடி. கிளம்புவமா?"

அவர் திரும்பவில்லை. "செத்த இரு அமலா, இந்தா வந்துட்டேன்."

பக்கத்தில் காபி வந்தது. குடித்தார்.

"ஏங்க, பஸ்ஸு போயிரும்."

"செத்த இரு!"

"அப்ப நான் முன்னால போறேன்" என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது.

"ம்."

கடைசியில் கடிகாரம் நின்றது, விட்ட இடத்திலிருந்து ஓடியது. "அமலா! வா, ஸ்டார்ட் பண்ணலாம்!" பதில் இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டையையும் காணோம்.

"அக்கா அப்பவே பஸ் ஏறிட்டாகளே அண்ணே" என்றாள் எதிர்வீட்டு சைதூன். "கையில வெள்ளையா ஒரு சட்டை வச்சிருந்தாக."

கிடைத்த கட்டம்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினார். கோயிலில் குழந்தையின் தலை ஏற்கெனவே நனைந்திருந்தது. ஏந்தி நின்றவன் அந்தோணிராஜ். அவன் உடம்பில் பாக்கியராஜின் வெள்ளைச் சட்டை, தைத்து வைத்தது மாதிரி பொருந்தியிருந்தது.

பாக்கியராஜ் யாரைக் குறை சொல்ல? மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறாள். அந்தச் சின்னத் தலையைத் தாங்கியிருக்க வேண்டிய கை, மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தை எந்த பட்டனை அமுக்கினாலும் திருப்பி ஓட்ட முடியாது. வாங்கி வந்த வெள்ளி அரைஞாணைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொழுந்தியாளிடம் கொடுத்தார். குழந்தை அந்தோணிராஜின் தோளில் தூங்கிவிட்டது.

மனைவியை ஓரமாகக் கூப்பிட்டார். "வேணும்னேதான நேத்து அந்தக் காபிக் கேள்வியைக் கேட்ட?"

அவள் பதில் சொல்வதற்குள் அந்தோணிராஜ் வந்துவிட்டான். "என்ன மச்சான், இன்னைக்கு எம்புட்டு லேட்டு?"

"செத்த இருடா" என்றாள் அமலராணி. "காபி குடிச்ச நேரத்தைக் கழிச்சுட்டுச் சொல்லுவாக."