அக்காவின் கன்னத்தில் காக்காப்பொன்

அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் உலகத்தில் பாதித் துன்பம் குறையும். கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் மீதிப் பாதியும் குறையும். பதினைந்து வயதில் எனக்கு இரண்டுமே சும்மா இருக்கவில்லை. என் அக்கா அஞ்சலையின் முகத்தில் நான் செய்த அலங்காரம், எங்கள் ஊர் உறுவையாற்றிலிருந்து கப்பலேறிச் சைகோன் வரைக்கும் போய், அங்கே ஒரு வைத்தியரின் மேசையில் நோயாக வைத்துப் பார்க்கப்பட்டது. இதை நானே சொல்லிவிடுகிறேன். என் உறவுக்காரர்கள் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும்.

முதலில் நான் எப்படி நிபுணி ஆனேன் என்று சொல்ல வேண்டும். வில்லியனூர்த் தேருக்குப் பிரெஞ்சுத் துரைமார்கள் வந்து வடம் தொட்டுக் கொடுப்பது அப்போது வழக்கம். அந்த வருடம் ஒரு துரைக்குப் பக்கத்தில் அவர் மனைவியும் வந்து நின்றாள். கூட்டத்தில் நசுங்கியபடி, இருபது முழம் தள்ளி நின்று அவளைப் பார்த்தேன். கன்னத்து மேட்டில் ஒரு பளபளப்பு, மூக்குத் தண்டில் ஒரு பளபளப்பு, மேலுதட்டுக்கு மேலே இன்னொன்று. ஆகா, துரைசாணிகள் முகத்தில் எதையோ பூசிக்கொள்கிறார்கள், அதுவும் எலும்பு எடுப்பாக இருக்கிற இடமாகப் பார்த்துப் பூசுகிறார்கள் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். (தலையில் தொப்பி, கழுத்து வரைக்கும் துணி, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம். அப்படி நின்றால் எங்கள் எருமைக்கும் மூக்குப் பளபளக்கும். அதன் பெயர் வேர்வை. இது எனக்குப் புரிய ஆறு மாதம் பிடித்தது.)

அன்றிலிருந்து எங்கள் தெருப் பெண்களுக்கு நான்தான் அழகுக்கு அத்தாரிட்டி. வாய்க்காலில் துணி துவைக்கும்போது பாடம் நடத்துவேன். மூக்கில் பூசினால் சப்பை மூக்கு நிமிரும், கன்னத்தில் பூசினால் ஒட்டிய கன்னம் உப்பும், மாநிறத்துக்கு ஒரு வகை, கறுப்புக்கு ஒரு வகை என்று அளந்துகொண்டே போவேன். வீட்டில் இருந்தது நைனா சவரம் செய்துகொள்ளும் உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றுதான். அதில் என் முகத்தை நானே முழுதாகப் பார்த்ததில்லை. கேட்டவர்களில் ஒருத்திகூட "நீ எவ மூஞ்சியில பூசிப் பாத்த?" என்று கேட்கவில்லை. முட்டாள்தனத்தில் எங்கள் தெரு எனக்குச் சளைத்ததல்ல.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கரியமாணிக்கத்திலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் வேணு. சைகோன் துறைமுகத்தில் பிரெஞ்சுச் சர்க்காரின் காவல் வேலை. தை மாதம் லீவில் வருவான், வந்த லீவிலேயே கலியாணம் முடித்துக் கூட்டிப்போவான். ஆனால் அதற்கு முன்னால் பெண்ணின் போட்டோ ஒன்று அனுப்பி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் வேறு எப்படித்தான் பெண் பார்ப்பான்?

போட்டோ பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அம்மாவின் தம்பி ஒருவர் பாகூரில் இருந்தார். நாற்பது தாண்டியவர், பெண்டாட்டியை இழந்தவர், அஞ்சலை உயரத்துக்கு இரண்டு பிள்ளைகள். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, முறைப்பெண் எங்கே போய்விடப் போகிறாள் என்பார். சைகோன் தட்டிப்போனால் தம்பிதான் என்று அம்மா சொல்லியே விட்டாள். அக்கா யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. களை எடுக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அந்த ஆளு வூட்டுக்கு நான் போவ மாட்டேன்டி. படம் மட்டும் நல்லா வந்துட்டா போதும்."

இதை அவள் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. படத்தை நல்லபடியாக வர வைக்கும் பொறுப்பை அந்த வரப்பிலேயே நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

பூசுவதற்குப் பொருள் வேண்டுமே. தெருக்கோடியில் பொன்னுசாமி என்று ஒருவர் இருந்தார். கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். வேஷத்தில் மினுமினுப்பதற்காகக் காக்காப்பொன்னை இடித்துச் சலித்து வைத்திருப்பார். (மண்ணில் தகடு தகடாக மின்னுமே, காக்கை கொண்டுபோனாலும் திருப்பிப் போட்டுவிடும் பொன், அதுதான்.) ஒரு கவுளி வெற்றிலை கொண்டுபோய்க் கொடுத்து ஒரு கொட்டாங்குச்சி நிறைய வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மனிதர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"பாப்பா, இது தீவட்டி வெளிச்சத்துல அம்பது தப்படி தள்ளிக் குந்தியிருக்கறவனுக்கு. கிட்டக்க வச்சுப் பாக்கற மூஞ்சிக்கு இது ஆவாது."

இந்த வித்தையில் நாற்பது வருடம் ஊறியவர் சொன்னது இது. ஒரு முகத்தையும் தொடாத நான், பாவம், இவர் துரைசாணியைப் பார்த்ததில்லை என்று மனசுக்குள் இரக்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

புதுச்சேரியிலிருந்து போட்டோக்காரர் பெட்டியும் முக்காலியுமாக மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அன்று, அக்காவை அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். எங்கள் அடுப்படியில் பட்டப்பகலிலும் உப்பு எது, அரிசி நொய் எது என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். முகம் அலங்கரிக்க அதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. முதலில் தேங்காயெண்ணெய். துளி போதுமா, கை நிறைய வேண்டுமா என்ற சந்தேகம் வந்தது. இருக்கிற சந்தேகமே அது ஒன்றுதான், அதையும் கை நிறைய என்று தீர்த்துவிட்டேன். அதன் மேல் காக்காப்பொன். நெற்றி நடுவில் ஒரு பட்டை, மூக்குத் தண்டில் ஒரு கோடு, இரண்டு கன்னத்திலும் ஆளுக்கொரு அப்பம், முகவாயில் ஒரு வட்டம். எண்ணெய் வழிந்து தூள் இறங்கியது. அந்த இடத்திலும் தூளை அள்ளி வைத்தேன். அடுப்பு வெளிச்சத்தில் அக்காவின் கறுத்த முகத்தில் அது லேசாக மினுங்கியது. என் கைவண்ணத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அம்மா எட்டிப் பார்த்து, தனக்கும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள்.

வாசலில் உச்சி வெயில். படுதாவுக்கு முன்னால் நாற்காலியில் அக்கா உட்கார்ந்ததும் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். மூஞ்சி கண்ணாடி மாதிரி அடிக்கிறது, துடைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள் என்றார். முகத்துப் பளபளப்பு அடங்கத்தான் நாங்கள் பவுடரே போடுவோம் என்றும் சொன்னார். நான் முன்னால் போய் நின்று, புதுச்சேரியிலேயே இருந்துகொண்டு இதுகூடவா தெரியவில்லை என்று கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியும்ணே. நீங்க புடிங்க" என்றாள் அக்கா.

அவள் என்னை நம்பினாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே இரண்டு அறை அறையலாம் போல இருக்கிறது. போட்டோக்காரர், உங்கள் பெண், உங்கள் பாடு என்கிற முகத்தோடு படத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியேறினார்.

பத்து நாள் கழித்துப் படம் வந்தது. கறுப்பு முகத்தில் நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், முகவாய் என்று ஐந்து இடத்தில் வெள்ளை வெளேரென்று திட்டு. சுண்ணாம்பு அடிக்கிறவன் பாதியில் சாப்பிடப் போன சுவர் மாதிரி இருந்தது. அதைக் கிழித்துப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் போட்டோ என்பதையே கையில் வாங்கிப் பார்த்ததில்லை. எல்லாப் போட்டோவும் இப்படித்தான் இருக்கும்போல என்று எல்லோரும் நினைத்தார்கள். நைனாவுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம். அது வெளிச்சம் விழுந்த இடம், சைகோனில் இதுதான் நாகரிகம் என்று அடித்துச் சொன்னேன். அவரும் புதுச்சேரிக்குப் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

இரண்டரை மாதம் கழித்து, வேணுவின் அத்தை தனக்கோட்டி, கையில் ஒரு பொட்டலத்தோடு கரியமாணிக்கத்திலிருந்து வந்து இறங்கினாள். முகத்தில் சிரிப்பில்லை. பாகூர் மாமனும் அன்று பார்த்துக் கூடத்தில் இருந்தார். அத்தை ஒரு கடிதத்தை நீட்டி, படிக்கத் தெரிந்தவர்கள் படியுங்கள் என்றாள். வீட்டில் நாலாம் வகுப்பு வரை போனவள் நான் ஒருத்திதான். பெருமையாக வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி படித்தேன்.

"பெண்ணின் படம் கிடைத்தது. முகத்தில் வெண்திட்டுகள் இருப்பதால் இங்குள்ள பெரிய வைத்தியரிடம் படத்தைக் காட்டினேன். ஆரம்பந்தான், விடாமல் பூசினால் குணமாகும் என்கிறார். மருந்தும், பூச வேண்டிய இடம் தெரியப் படமும் அனுப்பியிருக்கிறேன். நோய் வந்தது பெண்ணின் குற்றமல்ல. எனக்குச் சம்மதமே."

கடைசி வரியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிள்ளைக்குச் சம்மதம், எங்களுக்கு இல்லை, வெண்குட்டம் உள்ள பெண்ணை மறைத்துத் தள்ளப் பார்த்தீர்களா என்று அத்தை ஆரம்பித்தாள். அடுப்படியில் பார்த்த மினுக்குக்கும் படத்துத் திட்டுக்கும் முடிச்சுப் போடத் தோன்றாத அம்மா, பதறிப்போய் அக்காவை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பாருங்கள், சுத்தமான முகம். அத்தை அசரவில்லை. கறுப்பு மை பூசி மறைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி, ஈரத்துணியால் ஒரு தரமும், சிகைக்காய் போட்டு ஒரு தரமும் தேய்த்தாள். பிறகு பீர்க்கங்காய் நாரைக் கையில் எடுத்தாள். அக்காவின் கன்னம் கன்றிப்போயிற்று. அப்போதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவ்வளவு நேரமும் நான் என்ன செய்தேன்? நெற்குதிருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். வாய்க்காலில் ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய வாய்க்கு அன்றுதான் சும்மா இருக்கத் தெரிந்தது.

அப்போதுதான் பாகூர் மாமன் புகையிலையைத் துப்பிவிட்டு வந்து பெருந்தன்மையோடு சொன்னார்: "ஊரு ஒதுக்கினா இன்னா? நோய்க்காரியா இருந்தாலும் நான் கட்டிக்கிறேன்."

அம்மா அழுதுகொண்டே சரி என்று தலையை ஆட்டத் தொடங்கினாள். அக்கா திரும்பி, குதிர்ப் பக்கம் பார்த்தாள்.  அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து, நான்தான் செய்தேன், காக்காப்பொன், கூத்துக்காரரிடம் வாங்கினேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அடுப்படியில் பார்த்த அம்மா ஆமாம் என்றதும் எடுபடவில்லை. சின்னப்பெண் அக்காவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறது என்றாள் அத்தை. அலங்கரித்தவள் நீதான் என்றால் உன் மூஞ்சியில் செய்து காட்டு என்றாள்.

செய்து காட்டினேன். அடுப்படியில் இல்லை, வாசலில், நட்ட நடு வெயிலில். அதற்குள் அரைத் தெரு கூடிவிட்டது. என்னிடம் பாடம் கேட்ட பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். பொன்னுசாமியும் வந்து கைகட்டிக்கொண்டு பார்த்தார். எண்ணெயைப் பூசி, மீந்திருந்த தூளை நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் முகவாயிலும் அப்பிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்தை போட்டோவைக் கொண்டுவந்து என் காதோரம் பிடித்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு திட்டாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தாள். முகவாய்க்கு வந்ததும் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அப்படியே உரலின் மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கும் வரைக்கும் சிரித்தாள். தெருவும் சிரித்தது. நைனா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்து மருந்து டப்பாவை எடுத்து என் மடியில் போட்டாள்.

"இந்தா, இத நீயே பூசிக்க. உனுக்குத்தான் வியாதி."

நான் அழுதேன். அழுததில் தூள் கண்ணில் இறங்கி, மூன்று நாள் கண் சிவந்து கிடந்தது. நாலாம் நாளும் காதுமடலில் மினுங்கியதாக அம்மா சொன்னாள்.

தை மாதம் கலியாணம் நடந்தது. பாகூர் மாமன் வந்து இரண்டு பந்தியில் சாப்பிட்டார். நோய் என்று நினைத்தும் ஏன் சம்மதித்தீர்கள் என்று அத்தானிடம் ஒருநாள் கேட்டேன். "திட்டு நடுவுல கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருந்துது" என்றார். அக்கா உள்ளே போய்விட்டாள். நான் கெடுக்க முடியாமல் விட்டது அந்தக் கண்களைத்தான். அதுவும் அங்கே பூசத் தோன்றவில்லை என்பதால்.

எனக்கும் கலியாணம் ஆகி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்தாயிற்று. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யார் வீட்டில் போட்டோ எடுத்தாலும் என்னை நடுவில்தான் உட்கார வைப்பார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி என் வலக்கையைப் பிடித்துக்கொள்வாள், அந்தப் பக்கம் ஒருத்தி இடக்கையைப் பிடித்துக்கொள்வாள். படம் எடுத்து முடியும்வரை விடமாட்டார்கள். பார்க்கிறவர்கள் பாசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.