வெட்டி ஒட்டிய வானம்

பிரபஞ்சம் தோன்றிய நாள்முதல் அதில் இருந்துவந்த குறைகளை முதன்முதலில் திருத்திய பெருமை, பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியையே சேரும். அதற்கு முன் வானத்தை யாரும் ஒழுங்காகப் பராமரித்ததாகத் தெரியவில்லை.

இயற்பியல் உதவிப் பேராசிரியை பிரவீனா அங்கே குவேசார் ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். குவேசார் என்பது பிரபஞ்சத்தின் மறுகோடியில் எரியும் பெருவிளக்கு. வரும் வழியில் இருக்கும் வாயு மேகங்கள் அதன் ஒளியில் தங்களுக்குப் பிடித்த நிறங்களை மட்டும் விழுங்கிவிடும். கல்யாணப் பந்தியின் கடைசி இலைக்கு வரும் தாம்பாளத்தில் எது தீர்ந்திருக்கிறது என்பதை வைத்தே, முன்னால் உட்கார்ந்திருக்கும் மாமா யாரென்று சொல்லிவிடலாம் அல்லவா? அப்படித்தான். வரைபடத்தில் கோடு எங்கே பள்ளமாக இறங்குகிறதோ, அங்கே ஒரு மேகம். எவரும் இதுவரை குறிக்காத ஒரு பள்ளத்தை அவள் கண்டுபிடித்திருந்தாள்.

பார்வையிட வரும் நிபுணர் லட்சுமிநாராயணன் அதைப் பார்த்துத் தலையசைத்தால் ஆய்வறை அவளுக்கு நிலைக்கும். இல்லையென்றால் அட்மிஷன் வேனில் ஏறி, ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும்.

நிபுணர் வருவதற்கு முந்தின நாள் தாளாளர் நஞ்சுண்டன் ஆய்வறைக்கு எழுந்தருளினார். பரம்பரையாக ஸ்பின்னிங் மில் நடத்துபவர். மில்லில் நூலின் கனத்தை இயந்திரம் இதேபோலக் கோடாகத்தான் போடும். கோடு இறங்கினால் நூல் மெலிந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை வெட்டி எறிந்து இரு முனைகளையும் ஒட்டிவிட வேண்டும். வரைபடத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"ஏன் அம்மணி, வாங்கறப்பவே பாத்து வாங்கப்படாதுங்களா? இத்தனை எடத்துல மெலிஞ்சு கெடக்குதே."

மெலிவில்தான் விஷயமே இருக்கிறது என்று அவள் விளக்கினாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். கொங்கு நாட்டில் பெரியவர்கள் யார் பேச்சையும் இடைமறிப்பதில்லை. முழுதாகக் கேட்டுவிட்டுத் தாம் நினைத்ததையே செய்வார்கள்.

அன்று மாலையே மில்லின் 'தரக்கட்டுப்பாடு' ஜாவித் வந்தார். வெட்டினார், ஒட்டினார். கணினியிலும் சரி, சுவரில் தொங்கிய ஃப்ளெக்ஸிலும் சரி, கோடு சென்னிமலைப் பெட்ஷீட்டின் கரை போல நேராக ஓடியது. கோடி சூரியன் எடையுள்ள வாயு, டீ ஆறுவதற்குள் 'சரிசெய்யப்பட்டது'.

மறுநாள் லட்சுமிநாராயணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மேகமே இல்லையேம்மா?"

"இருந்துச்சுங்க சார்," என்றாள் பிரவீனா. "ஐயா எடுத்துப்போட்டாருங்க."

நஞ்சுண்டன் அடக்கமாகத் தலை குனிந்தார். மூலப் பதிவு வெளிநாட்டுச் சேமிப்பகத்தில் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்தால் இறக்கிக் காட்டிவிடுகிறேன் என்று அவள் கெஞ்சினாள்.

"வந்த விருந்தாளிக்குப் பழசை எடுத்து வெக்கறதா, கண்ணு?" என்ற தாளாளர், நிபுணரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார்.

இலை எடுத்தபோது நிபுணரின் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. கல்லூரியின் தூய்மையை அறிக்கையில் மனமாரப் பாராட்டினார். மேகம் இல்லாத இடத்தில் மேக ஆய்வறை தேவையில்லை என்றும் பரிந்துரைத்தார்.

திங்கட்கிழமை பிரவீனா அன்னூரில் வேனைவிட்டு இறங்கினாள். முதல் வீட்டு அம்மாள் வெயிலுக்கு மோர் கொடுத்தாள். மகளைச் சேர்ப்பதற்கு முன், கல்லூரியில் குறை ஏதும் உண்டா என்று விசாரித்தாள்.

"ஒண்ணுகூட இல்லைங்க அக்கா," என்றாள் பிரவீனா. "கண்ணுல பட்டா ஒடனே வெட்டி எறிஞ்சுபோடுவாங்க. அப்படி எறிஞ்சதுல ஒண்ணுதானுங்க, உங்க ஊட்டு மோரைக் குடிச்சுட்டு நிக்குது."