அப்பா பிறந்த அறையில் என் கடைவாய்ப் பல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி வாய் வீங்கியிருப்பதால் பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் அல்லவா? சின்ன ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. "கண்ணுல கத்தி படறதுக்கு முன்னாடி அப்பா பொறந்த வீட்டை ஒரு தடவை பாத்துடணும்டா" என்று பிடிவாதம். முதுகுவலி என்று நீங்கள் நழுவிவிட்டீர்கள். நான், என் மனைவி, அக்கா மூவரும் என் மாப்பிள்ளையின் காரில் கிளம்பினோம். மாப்பிள்ளைக்கு வழிகாட்டியது செல்போன். அக்காவுக்கு வழிகாட்டியது அப்பா என்றைக்கோ சொன்ன அடையாளங்கள். செல்போன் இடது பக்கம் திரும்பச் சொன்னால் அக்கா வலது பக்கம் திரும்பச் சொல்வாள். பெரியவர்கள் மனமும் நோகக் கூடாது, போனும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று மாப்பிள்ளை நேராகவே போய், லாரிகளை எடைபோடும் மேடையில் காரை ஏற்றிவிட்டார். அங்கிருந்த ஆள் ஒன்றும் கேட்காமல் எடைச்சீட்டைக் கிழித்து நீட்டினான். "அதை யாருக்கும் காட்டாதீங்க" என்றாள் என் மனைவி.

ஒருவழியாக அப்பா சொன்ன மாதிரியே தெருமுனையில் மாடி வீடு, வளைவு வைத்த ஜன்னல். வாசலில் பல் மருத்துவமனை என்று பலகை. உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு பெண்.

"எங்கப்பா இங்கதாம்மா பொறந்தார்" என்றாள் அக்கா.

"பழைய பேஷன்ட்டா? ஃபைல் இருக்கும், பேரு சொல்லுங்க."

உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம் என்று நான் கெஞ்சினேன். நோயாளியையும் துணைக்கு ஒருவரையும் தவிர யாரையும் விடமாட்டாளாம். அக்கா என் பக்கம் திரும்பினாள். "உனக்குக் கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு சொன்னியே?" என்றாள். நான் சொல்லவே இல்லை, அண்ணா. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி இல்லை என்பது?

நாற்காலியில் என்னைச் சாய்த்துவிட்டார்கள். துணைக்கு வந்த அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரைத் தடவிக்கொண்டே போய், ஜன்னல் கட்டையில் கையை வைத்து அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மா பதறிப்போய், "பயப்படாதீங்கம்மா, தம்பிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். பிறகு என் வாய்க்குள் டார்ச் அடித்தவர், "நல்ல நேரத்துல வந்தீங்க சார்" என்று ஊசியை எடுத்துவிட்டார். வாயில் பஞ்சு இருந்ததால் மறுப்புச் சொல்ல வழியில்லை. அக்கா, அப்பா பிறந்த அன்று பெய்த மழையை விவரிக்க, டாக்டரம்மா பல் பிடுங்கும் குறட்டைக் கையில் பிடித்தபடி கதை கேட்கிறார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

எல்லாம் முடிந்தபின் அக்கா மெல்லச் சொன்னாள்: "போதும்டா. இனிமே கண்ணு எப்படி ஆனாலும் சரி. பாத்துட்டேன்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. "ஊசி போட்டும் வலிக்குதா சார்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

ஆக, பல் போனாலும் அக்காவின் மனக்குறை தீர்ந்தது. நீங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம். அண்ணிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் முதுகையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
மென்று சாப்பிட முடியாத தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சித்தப்பா போன் செய்தார். அப்பா பிறந்தது அந்த வீட்டில் இல்லையாம், அடுத்த தெருவாம். மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர், அக்காவின் காதிலும் விழுந்துவிட்டது. "அங்க இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையமாம். அக்கா இப்போது என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதுகோடு எப்படியாவது உடனே புறப்பட்டு வாருங்கள், அண்ணா. உங்கள் உடம்பில் ஓடுவதும் அதே ரத்தம்தானே.