முதுகுக்குப் பின்னாலிருந்து

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

என் அன்பு நஸ்ரியா ராத்தாவுக்குத் தங்கை பஸ்மியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, வாப்பா, நான், முட்டையிட மறந்துபோன இரண்டு கோழிகள் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். மஸ்கட்டில் நீங்களும் ஹஸ்மி மச்சானும் எங்களைவிடச் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறோம்.

முதலில் ஒரு சின்ன விடயம். நம்முடைய கம்பியூட்டர் விளையாட்டில் வருகிற பெண்ணை ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால், அவள் இடது காலில் பாரத்தைப் போட்டு, தலையைச் சற்றுச் சரித்து, தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிடுகிறாள். பஸ் வரும்வரைக்கும் நீங்கள் நிற்பது அப்படித்தான். நீங்கள் போன பிறகு வந்த நோன்பு மாதத்தில்தான் இதைக் கண்டேன். எல்லா வில்லங்கமும் அதிலிருந்துதான் தொடங்கியது.

இதைப் போனில் சொல்ல ஏலாது. உம்மா எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டு வேலிப் பக்கமாக வைத்துக்கொள்வா. நான் ‘ம்’ என்று சொன்னாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். லீவில் வந்த முனாப் காக்கா ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். உம்மா கட்டுகிற கருவாட்டுப் பொதிக்குள் இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன், மணத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் திருகோணமலையில் றஜிதா மிஸ்ஸின் கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறேனா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் கேட்டீர்கள். நாளைக்குப் போகாவிட்டால் என் இடத்தை மிஸ் வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார் என்றும் சொன்னீர்கள். என் பதில், ஏலாது. நீங்கள் இதை வாசிக்கிறபோது சனிக்கிழமை முடிந்திருக்கும், ஆகையால் ஏசிப் பிரயோசனமில்லை. ஆனால் ஏன் ஏலாது என்பதற்கு ஒரு சொல் காணாது, ஒரு கடிதமே வேண்டும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் பெண்ணின் கண்ணுக்குள் புகுந்துவிடலாம். அவளுடைய இரண்டு கையும் வாளின் நுனியும் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் காடும் மலையும். இன்னொரு தரம் அழுத்தினால் வெளியே வந்துவிடுவோம். அவளுடைய முதுகு முன்னே போகும், நாங்கள் ஐந்தாறு அடி பின்னால் அவளைப் பார்த்தபடி போவோம். நீங்கள் எப்போதும் கண்ணுக்குள் இருந்துதான் விளையாடினீர்கள். எனக்குப் பின்னால் வந்தால்தான் நிம்மதி. இருந்த ஒரேயொரு கதிரையில் நீங்கள், உங்களுக்குப் பின்னால் கட்டிலில் நான்.

“ராத்தா, ஒருக்கா வெளிய வாங்களேன், அவள் என்ன உடுத்திரிக்கிறாள் எண்டு பாப்பம்.”

“போறது நான்தானே. என்ட முதுகு எனக்கு என்னத்துக்கு?”

“பின்னால ஓநாய் வந்தா?”

“வந்தா கடிக்கும். அப்ப தெரியும்தானே.”

பிறகு நீங்கள் கதிரையோடு திரும்பி, “இப்பிடியே ஆர்ர முதுகையாவது பாத்துக்கொண்டு போ. ஒருநாளைக்கு அவங்கட வீட்டுக் குசினிக்குள்ள போய் நிப்பாய்” என்று சிரித்தீர்கள். அது பலித்துவிட்டது ராத்தா. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் போன பிறகு விளையாட்டில் புதிதாக ஒரு பெண்ணை உண்டாக்கினேன். மூக்கு, நாடி, கண்ணுக்குக் கண் இடைவெளி எல்லாவற்றையும் அதில் இழுத்து இழுத்துச் சரிபண்ணலாம். எவ்வளவு இழுத்தும் உங்களுடைய மூக்கு வரவில்லை. ஒன்றில் பெரிய மாமாவின் மூக்கு வந்தது, இல்லாவிட்டால் கிளியின் மூக்கு. கைவிடப் போன நேரத்தில்தான் யோசித்தேன், பின்னால் போகிற எனக்கு அவளுடைய மூக்கு எதற்கு? உயரத்தைச் சரிசெய்தேன். தோளைக் கொஞ்சம் ஒடுக்கினேன். முக்காடு வைத்த மண்ணிற மேலங்கி ஒன்றைத் தேடி எடுத்து உடுத்தினேன். நடக்க விட்டேன். ராத்தா, நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்கள்.

உம்மாவைப் பொறுத்தவரை அந்தக் கம்பியூட்டர் இன்னுமோர் அடுப்பு. சூடாகும், கரண்ட் குடிக்கும். நீங்கள் கண்ணுக்குள் இருந்து விளையாடிய காலத்தில் இரண்டு கை மட்டும்தானே தெரியும், எத்தனை ஓநாயை வெட்டினாலும் அவ திரும்பிப் பார்த்ததில்லை. முதுகு வந்த அன்று, வெங்காயம் உரித்தபடி வந்தவ கதவடியிலேயே நின்றுவிட்டா.

“இது நஸ்ரியா அல்லவா?”

“இல்ல உம்மா, விளையாட்டு.”

“என்ட வயித்துல பொறந்த புள்ளட முதுகு எனக்குத் தெரியாதா?”

அதற்குப் பிறகு சட்டம் எல்லாம் உம்மாவின் சட்டம். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொன்னால் நீங்கள் உள்ளே வந்துவிட வேண்டும். விளையாட்டுக்குள் இப்போது நடுப்பகல் உம்மா என்றால், “எந்த ஊர்ல நடுப்பகலோ, இஞ்ச பாங்கு சொல்லியாச்சு” என்கிறா. ஆற்றில் இறக்கக் கூடாது, உங்களுக்குச் சின்ன வயதிலேயே மூச்சிழுப்பு. ஒருநாள் கரடி ஒன்று உங்களை அடித்துவிட்டது. “ராத்தாவக் கரடிக்குக் குடுத்துட்டு இவ இருந்து தேத்தண்ணி குடிக்கிறா” என்று வாப்பாவிடம் முறைப்பாடு போனது, எனக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு முகத்தைப் பார்க்காமல் வைக்கப்பட்டது. இப்போது ஒரு நாட்டையே காப்பாற்ற வேண்டிய வீராங்கனை சத்திரத்து அறைக்குள் முக்காட்டோடு நிற்கிறா. ராசா ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். “கலியாணம் கட்டின புள்ளய ராசா என்னத்துக்குக் கூப்புடுறார்? மாப்புள்ளயிட்ட கேக்கச் சொல்லு” என்கிறா உம்மா.

வாப்பாவிடம் நியாயம் கேட்டேன். வலையைத் தைத்தபடியே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “பின்னால இருந்து பாக்கிறதுதான் சரி. வள்ளத்த ஆராவது முன்பக்கம் அணியத்துல இருந்து ஓட்டுறானா? எஞ்சினுக்குப் பக்கத்துல, கடையார்ல இருந்துதான். அப்பதான் முழு வள்ளமும் தெரியும்” என்றார். எனக்குப் பெரிய சந்தோசம். பிறகு கேட்டார், “அதுசரி, இவள் எங்க போறாள்?”

“எங்கயும் போகல்ல வாப்பா. உம்மா விடுறாவில்ல.”

“அப்ப எஞ்சின நிப்பாட்டு மகள். எண்ணெய் சும்மா எரியுது.”

இனி வகுப்பின் கதை. போன சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போனேன் என்றும், பிடிக்கவில்லை என்றும் உங்களிடம் சொன்னேன் அல்லவா? அதில் திருகோணமலைக்குப் போனது மட்டும் உண்மை. கிண்ணியாப் பாலம் தாண்டி, பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை ஒரு குறையும் இல்லை. கடைசி இடம் என்றபடியால் இறக்கச் சொல்லி ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. நேரே போய் இடது பக்கம் திரும்பினால் பச்சைக் கேட் என்று சொல்லித் தந்தீர்கள். ஆனால் எது நேர் என்று நீங்கள் சொல்லவில்லை, ஸ்டாண்டைச் சுற்றி நாலு பாதையும் எனக்கு நேராகத்தான் தெரிந்தன. ஆரிடமாவது கேட்கலாம் என்று வாயைத் திறப்பேன், அந்த ஆள் போய்விடுவார். அப்போதுதான் கண்டேன். மண்ணிற அபாயா. சேறு படாமல் இடது பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்த அதே பிடி. வலது கால் கொஞ்சம் வெளியே பார்க்கிற அதே நடை. நீங்கள் மஸ்கட்டில் இருக்கிறீர்கள் என்று என் தலைக்குத் தெரியும், ஆனால் கால் தலையைக் கேட்கவில்லை. ஐந்தாறு அடி பின்னால், விளையாட்டில் போவதுபோல, போய்க்கொண்டே இருந்தேன். அவர் திரும்பினார், நானும் திரும்பினேன். பாதையைக் கடந்தார், நானும் கடந்தேன். வாசலில் பூ கட்டிய ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தார், நானும் நுழைந்தேன். அது ஒரு கலியாண வீடு.

திரும்பி ஓடியிருப்பேன் ராத்தா. ஆனால் பெண்கள் பகுதியில் பாய்மேல் ஐந்து பேர் வட்டமாக இருந்தார்கள். ஆறு பேர் சேர்ந்தால்தான் ஒன்றாகச் சாப்பிடுகிற சஹன் தட்டு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஐந்து பேரும் எவ்வளவு நேரமாக ஆறாவது ஆளுக்குக் காத்திருந்தார்களோ, என்னைக் கண்டவுடன் அவர்களுடைய முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது.

“வாங்க மகள், இரிங்க, ஒராளுக்குத்தான் பாத்துக்கொண்டிரிக்கம்!”

“நான் வந்து...”

“வந்ததுதான் காணும், கதைய விட்டுட்டு இரிங்க. மாப்புள்ளட பக்கமா, பொண்ணுட பக்கமா?”

“ஓம்” என்றேன். பசித்த ஐந்து பேருக்கு நடுவில் எந்தப் பக்கம் என்று ஆராய ஒருவருக்கும் நேரமில்லை. புரியாணித் தட்டு வந்தது. நான் பின்தொடர்ந்து வந்தவ எனக்கு நேர் எதிரே இருந்தா. முக்காட்டைத் தளர்த்தி நிமிர்ந்து பார்த்தா. ராத்தா, அது நீங்கள் இல்லை. அம்மைத் தழும்பு போட்ட, பல் கொஞ்சம் மிதந்த, நல்ல ஒரு முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. “அய்யோ, பொண்ணப் பிரியிறதுக்கு அழுறா போல, கூட்டாளியாக்கும்” என்று பக்கத்தில் இருந்தவ சொன்னா. எதிரே இருந்தவ தன் பக்கம் இருந்த பெரிய இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டா. அழுதுகொண்டே சாப்பிட்டேன். புரியாணி நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

வீட்டுக்கு வந்தால் உம்மா கிட்ட வந்து மணந்து பார்க்கிறா. “கம்பியூட்டர் படிக்கிற எடத்துல நெய்ச்சோறா குடுக்கிற?” மறுநாள் வாப்பாவும், “அப்பிடியெண்டா நானும் சேரட்டா?” என்று கேட்டார்.

நான் ஏன் பத்தாம் ஆண்டோடு நின்றேன் என்று அதிபர் கேட்டார், உம்மா கேட்டா, நீங்கள் அழுது கேட்டீர்கள். தலையிடி என்றேன், கணக்கு விளங்கவில்லை என்றேன். நீங்கள் மஸ்கட்டுக்குப் போன கிழமை நான் பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு வீட்டுக் கேட்டடி வரைக்கும் வந்தேன். பாதை முழுக்க வெறுமையாகக் கிடந்தது. நான் முதலாம் ஆண்டுக்குப் போன நாள் தொடக்கம், பிறகு நீங்கள் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போன காலத்திலும், எனக்கு முன்னால் நீங்கள்தான் போனீர்கள். நாய் குரைத்தால் நீங்கள் விரட்டினீர்கள். ஆர்ர புள்ள என்று கேட்டவர்களுக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள். அந்தப் பாதையில் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்கள் அபாயா முதுகில் எந்த இடத்தில் மடியும் என்று தெரியும். வீடியோவில் வந்து முகத்தைக் காட்டுகிறீர்கள். உங்கள் முகம் எல்லோருக்கும் தெரியும், கண்ணாடி பார்த்தால் உங்களுக்கும் தெரியும். உங்கள் முதுகு உங்களுக்குத் தெரியாது, அது என்னிடம்தான் இருக்கிறது. ‘ஒருக்காத் திரும்பி நடந்து காட்டுங்க’ என்று கேட்க வாய்வரைக்கும் வரும். ஸ்பீக்கரில் நாலு வீடு சிரிக்கும் என்று விழுங்கிவிடுவேன்.

ஆகையால் ராத்தா, என்னை இப்படியே விட்டுவிடுங்கள். வகுப்பில் என் கதிரையை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி றஜிதா மிஸ்ஸுக்கு நீங்களே சொல்லுங்கள். இந்த வருசமும் லீவு கிடைக்காது என்று மச்சான் சொன்னதாக அறிந்தோம். பரவாயில்லை. உங்களை நாங்கள் சத்திரத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம். மச்சானுக்கு என் சலாம். கருவாட்டை வெயில் காட்டி வையுங்கள். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், குளிர்ச்சியான ஒரு வீட்டையும், மனமிரங்கி லீவு தருகிற ஒரு முதலாளியையும் அல்லாஹ் தருவானாக, ஆமீன்.

உங்கள் பின்னால் வருகிற தங்கை,
பஸ்மியா.

பி.கு.: சனிக்கிழமை பின்னேரம். பொதி இன்னும் கட்டவில்லை. மேலே உள்ளதைக் கிழிக்கத்தான் நினைத்தேன், இவ்வளவு எழுதியபின் கை வரவில்லை. நீங்கள் வாசித்துவிட்டுக் கிழியுங்கள். இன்று காலையில் சத்திரத்து அறையில் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் விரலை வைத்தால் நடக்கிறீர்கள், எடுத்தால் நிற்கிறீர்கள். அப்படியென்றால் இவ்வளவு காலமும் முன்னால் போனது ஆர் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கம்பியூட்டரை நிறுத்தினேன். உம்மா ஓடி வந்து, “எங்க அவள்?” என்று கேட்டா. “மஸ்கட்டுல” என்றேன். அபாயாவை உடுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்டாண்டில் இறங்கி, இன்றைக்கு ஒரு முதுகையும் பார்ப்பதில்லை என்று முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நடந்ததில், அந்த டவுனுக்குள் திரிகிற மான்களில் பாதையில் நின்ற ஒன்றில் முட்டிக்கொண்டேன். “மன்னிச்சுக்கொள்ளுங்க” என்றேன். வெளியில் நானாக முதலில் கதைத்தது அந்த மானோடுதான். அதற்குப் பிறகு ஒரு கடைக்காரரிடம் வழி கேட்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. றஜிதா மிஸ் வாசலில் நின்றார்.

“ஆரோட வந்தனீங்கள் பிள்ளை?”

“ஒருத்தரோடயும் இல்ல மிஸ். நான் பஸ்மியா.”

“கேக்கேல்ல. சத்தமாச் சொல்லுங்கோ.”

சத்தமாகச் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது, அதற்கு முன்னால் முழுக்க முதுகுகள். நான் முன் வரிசைக்குப் போய் இருந்தேன்.